போரா, பயங்கரவாதமா: ஒரு வழக்கறிஞரின் பதில்

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "விமானத்திலிருந்து குண்டு போட்டு நூறு பேரைக் கொன்றால் போர் என்கிறார்கள், பையில் குண்டு வைத்துப் பத்துப் பேரைக் கொன்றால் பயங்கரவாதம் என்கிறார்கள். சீருடை ஒன்றுதான் வித்தியாசமா? ஐ.நா. சபை ஏன் இன்னும் இதற்கு ஒரு வரையறை சொல்லவில்லை? ராணுவ முகாமைத் தாக்கினால் அதுவும் பயங்கரவாதம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். இந்தச் சொல்லுக்கு என்று ஒரு பொருள் உண்டா, இல்லை பலம் உள்ளவன் தன் எதிரிக்கு வைக்கும் பெயர்தானா? பொருள் உண்டு என்பது என் பதில். ஆனால் அது தெளிவாக இருப்பது நடுப்பகுதியில் மட்டும்தான். ஓரங்களில் கலங்கிக் கிடக்கிறது. சண்டை முழுக்க அந்த ஓரங்களில்தான் நடக்கிறது.

நான் சென்னையில் குற்றவியல் வழக்கறிஞர். தடா வழக்குகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஜூனியராகச் சேர்ந்தவன். அப்புறம் பொடா, இப்போது உபா. இந்த மூன்று பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களின் கீழும் ஆஜராகியிருக்கிறேன். நடுவில் சில ஆண்டுகள் சட்டக் கல்லூரி மாணவர்களுக்குப் போர்ச் சட்டம் பற்றி வகுப்பும் எடுத்தேன். போர்க்களத்தைக் கண்ணால் பார்த்தவன் அல்ல. இந்தச் சொல் ஒரு வழக்குக் கட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் என்னால் பேச முடியும்.

போர் என்பது ஒரு நிலைமை. இரண்டு தரப்புகள் ஆயுதங்களோடு மோதிக்கொண்டிருக்கிற நிலைமை. பயங்கரவாதம் என்பது ஒரு வழிமுறை. சண்டையில் சம்பந்தமில்லாதவர்களைக் கொன்று, பார்க்கிறவர்களைப் பீதியடைய வைத்து, அந்தப் பீதியைக் கொண்டு ஒரு அரசையோ சமூகத்தையோ பணிய வைக்கும் வழிமுறை. அதனால் "இது போரா, பயங்கரவாதமா" என்று கேட்பது, "இது மழைக்காலமா, திருட்டா" என்று கேட்பது மாதிரி. மழைக்காலத்திலும் திருட்டு நடக்கும்; மழை பெய்கிறது என்பதால் அது திருட்டு இல்லை என்று ஆகிவிடாது. போர் நடக்கும்போதே பயங்கரவாதச் செயலும் நடக்கலாம். போரே இல்லாத ஊரில் ஒரு சாயங்காலம் சந்தைக்கு நடுவிலும் நடக்கலாம்.

போருக்கும் சட்டம் உண்டு. 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளும், 1977இல் அவற்றோடு சேர்த்த கூடுதல் நெறிமுறைகளும்தான் அதன் அடிப்படை. அதன்படி நாடுகளுக்கு இடையிலான போரில் ஒரு சிப்பாய் எதிரிச் சிப்பாயைச் சுட்டுக் கொன்றால் அது கொலைக்குற்றம் ஆகாது. பிடிபட்டால் அவன் போர்க்கைதி. ஆனால் பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது. ராணுவ இலக்கைத் தாக்கும்போது பக்கத்தில் இருக்கும் மக்கள் சாவார்கள் என்று தெரிந்தால், அந்தச் சாவு கிடைக்கப்போகும் ராணுவப் பலனை மிஞ்சிவிடக் கூடாது. ஆக, விமானக் குண்டுக்கும் பைக் குண்டுக்கும் சட்டம் பார்க்கும் முதல் வித்தியாசம் சீருடை இல்லை. குறி எதன் மேல் இருந்தது என்பதுதான். விமானி ஆயுதக் கிடங்கைக் குறிவைத்தாரா, அரிசி வாங்க நின்ற வரிசையைக் குறிவைத்தாரா? இரண்டாவது என்றால் அவர் செய்தது போர்க்குற்றம். மக்களிடம் பீதியைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்முறையை 1977 நெறிமுறை தனியாகவே பெயர் சொல்லித் தடை செய்கிறது.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதி இல்லை. போஸ்னியாவின் சரயேவோ நகரை 1992 முதல் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் போஸ்னிய செர்பியப் படை சூழ்ந்து நின்றது. தண்ணீர் பிடிக்கப் போனவர்கள், டிராமில் ஏறியவர்கள், சந்தைக்கு வந்தவர்கள் எல்லாரும் மேட்டிலிருந்து குறிபார்த்துச் சுடப்பட்டார்கள். 1994 பிப்ரவரியில் மார்க்காலே சந்தையில் ஒரே ஒரு பீரங்கிக் குண்டு 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த முற்றுகையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் படையை நடத்திய ஜெனரல் ஸ்தானிஸ்லாவ் காலிச்சை, பொதுமக்களிடையே பீதியைப் பரப்பிய குற்றத்துக்காகவே 2003இல் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரிக்க ஐ.நா. அமைத்த ஹேக் தீர்ப்பாயம் தண்டித்தது. 20 ஆண்டுகள் என்று கொடுத்த தண்டனையை 2006இல் மேல்முறையீட்டில் ஆயுளாக ஏற்றினார்கள். அவர் முழுச் சீருடை போட்ட ராணுவ அதிகாரி. உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் மிக உறுதியான பதில் இந்தத் தீர்ப்புதான்.

மறுபக்கமும் ஓரளவு உறுதிதான். பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டுவதைத் தடுக்கும் 1999ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. மக்களை அச்சுறுத்துவதற்காகவோ, ஒரு அரசை ஏதாவது செய்யவோ செய்யாமல் இருக்கவோ கட்டாயப்படுத்துவதற்காகவோ, பொதுமக்களையும் சண்டையில் பங்கெடுக்காத மற்றவர்களையும் கொல்லும் அல்லது படுகாயப்படுத்தும் நோக்கத்தோடு செய்யும் செயல் என்று அதைச் சுருக்கலாம். விடுதலைப் புலிகளுக்கு நிதி திரட்டியதாகச் சொல்லி ஒரு தமிழரைக் கனடா நாடுகடத்தப் பார்த்த சுரேஷ் வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002இல் இந்த விளக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது. நம் உச்ச நீதிமன்றமும் 2004இல் மதன் சிங் வழக்கில், அமைதிக் காலத்தில் செய்யும் போர்க்குற்றம்தான் பயங்கரவாதம் என்ற கருத்தை எடுத்துச் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. போரில் எதைச் செய்யக் கூடாதோ, அதைப் போர் இல்லாதபோது செய்தால் மட்டும் எப்படிச் சரியாகும்?

இதில் நம் மொழியின் குழப்பம் வேறு சேர்ந்துகொள்கிறது. தமிழ்ப் பத்திரிகைகள் தீவிரவாதி என்றும் பயங்கரவாதி என்றும் ஒரே செய்தியில் மாற்றி மாற்றி எழுதுகின்றன. பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் கோகலே மிதவாதி, திலகர் தீவிரவாதி என்று படித்தோம். வ.உ.சி.யும் பாரதியும் அந்த வகையில் தீவிரவாதிகள். அதாவது கருத்தில் தீவிரம். ஒருவர் எவ்வளவு தீவிரமாக நம்புகிறார் என்பதும், அதற்காக யாரைக் கொல்லத் துணிகிறார் என்பதும் வேறு வேறு. ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிப் பழகியதால், கடுமையாகப் பேசுகிறவனையே குண்டு வைக்கிறவனாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. அதனால் நான் எழுதும்போது தீவிரவாதம் என்ற சொல்லை இந்த இடத்தில் பயன்படுத்துவதில்லை.

சரி, நடுப்பகுதி இவ்வளவு தெளிவாக இருந்தால் ஐ.நா. ஏன் தடுமாறுகிறது? முயற்சி இல்லாமல் இல்லை. 1934இல் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டரை மார்செய் நகரில் சுட்டுக் கொன்ற பிறகு, ஐ.நா.வுக்கு முன்னோடியான அன்றைய சர்வதேச சங்கம் 1937இல் ஒரு ஒப்பந்தம் எழுதியது. அதை இறுதியாக ஏற்று உறுதி செய்த ஒரே நாடு இந்தியா, அதாவது பிரிட்டிஷ் இந்தியா. 1932இலேயே வங்காளத்தில் பயங்கரவாத ஒடுக்குமுறைச் சட்டம் கொண்டுவந்த அரசு அது. அதற்கு இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ளலாம். மற்ற நாடுகள் ஏற்காததால் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை. பிறகு 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்கள் கொல்லப்பட்டதும் ஐ.நா.வில் பேச்சு மறுபடி தொடங்கியது. 1996இல் ஒரு முழுமையான ஒப்பந்தத்துக்கான வரைவை முன்வைத்தது சுதந்திர இந்தியா. இன்றுவரை அது வரைவாகவே இருக்கிறது.

முட்டுக்கட்டை இரண்டு இடத்தில். அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடும் விடுதலை இயக்கங்களை வரையறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தங்கள் ராணுவங்கள் செய்வதை வெளியே வைக்க வேண்டும் என்பது இன்னொரு சாரார் கேட்பது. இரண்டு பேருக்கும் முக்கியமாகத் தெரிவது, செய்தது யார் என்பது. நான் மேலே சொன்ன விளக்கமோ, என்ன செய்யப்பட்டது என்று பார்க்கிறது. அதனால்தான் ஒத்துவரவில்லை. இதற்கிடையில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு இரண்டு வாரம் கழித்துப் பாதுகாப்புச் சபை 1373ஆம் தீர்மானத்தைப் போட்டது. பயங்கரவாதத்தைக் கடுங்குற்றமாக்கி எல்லா நாடுகளும் சட்டம் போட வேண்டும் என்று கட்டளையிட்ட அந்தத் தீர்மானம், பயங்கரவாதம் என்றால் என்ன என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நாடும் தனக்கு வசதியான வேலியைப் போட்டுக்கொண்டது. ரஷ்யாவின் பெஸ்லானில் பள்ளிக்கூடக் குழந்தைகளைப் பணயமாகப் பிடித்த கொடுமைக்குப் பிறகு 2004இல் 1566ஆம் தீர்மானத்தில் ஓரளவு விளக்கம் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் வேலிகள் எழும்பிவிட்டன.

செய்தவரைப் பார்க்காமல் செயலைப் பார் என்று சொல்வது சுலபம். அது நமக்கே வலிக்கும் இடம் ஒன்று உண்டு. வகுப்பில் ஒருமுறை மணியாச்சி சம்பவத்தைப் பெயர்கள் இல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாவட்ட நிர்வாக அதிகாரி, ராணுவத்தில் இல்லாதவர், மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு இளைஞர் ஏறி அவரைச் சுட்டுக் கொல்கிறார். மனைவியை ஒன்றும் செய்யவில்லை. பிறகு தன்னையே சுட்டுக்கொள்கிறார். சட்டைப் பையில் ஒரு கடிதம். மன்னர் இந்த மண்ணில் கால் வைத்தால் அவரைக் கொல்ல 3,000 பேர் உறுதி எடுத்திருக்கிறார்கள் என்கிறது அது. 1999 விளக்கத்தை இதோடு பொருத்திப் பாருங்கள் என்றேன். பெரும்பாலானவர்கள் பொருந்துகிறது என்று எழுதினார்கள். 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷ், வாஞ்சிநாதன் என்று நான் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்து மாணவர் ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ரயில் நிலையத்துக்கே இன்று வாஞ்சி மணியாச்சி என்றுதான் பெயர். அந்த வழியாகப் போகும்போது எனக்கும் மனம் கனக்கும். ஆனாலும் அந்தப் பயிற்சியை நான் விடவில்லை. நம்மவர்கள் என்று வரும்போது தளர்கிற வரையறையை மற்றவர்கள் மேல் எந்த முகத்தோடு வைப்பது?

அதே காலத்தின் இன்னொரு பக்கம் பகத்சிங். 1929இல் டில்லி சட்டசபையில் அவரும் அவருடைய தோழர் படுகேஷ்வர் தத்தும் வீசிய குண்டுகள் யாரையும் கொல்லவில்லை. கொல்லாத இடம் பார்த்துத்தான் வீசினார்கள். அவரைத் தூக்குக்கு அனுப்பியது அது அல்ல, லாகூர் சதி வழக்கு. சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரியைக் கொன்ற குற்றத்தோடு, மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றமும் அதில் சேர்ந்திருந்தது. தண்டனைக்குச் சில நாட்களுக்கு முன் அவரும் ராஜகுருவும் சுகதேவும் பஞ்சாப் கவர்னருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நாங்கள் போர் தொடுத்தோம் என்று உங்கள் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படியானால் நாங்கள் போர்க்கைதிகள். தூக்கில் போடாமல் ராணுவத்தை அனுப்பிச் சுட்டுக் கொல்லுங்கள் என்பது அதன் சாரம். 1931 மார்ச் 23 அன்று தூக்கில்தான் போட்டார்கள். போர் என்று சொல்லி வழக்குப் போடும் அரசு, போர்க்கைதிக்கு உரிய மரியாதையை மட்டும் தர மறுக்கும் என்பதை இதைவிட நேராக யாரும் சொன்னதில்லை.

போர் தொடுத்தல் என்ற அந்தப் பழைய பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 121ஆக இருந்தது. இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 147. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக அலசியது. இந்தப் பிரிவில் வரும் போர் என்ற சொல் இரண்டு நாடுகள் மோதும் போரை மட்டும் குறிப்பதல்ல என்றது. மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாப்பின் தரப்பு, கொல்லப்பட்டவர்கள் மக்கள்தானே, அரசுக்கு எதிரான போர் எப்படி ஆகும் என்று வாதாடியது. 2012இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இங்கே அரசு என்பது மக்களின் இறையாண்மையைத் தாங்கி நிற்கும் இந்திய அரசு என்றது. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பயணிகளைச் சுட்ட அதே ஆளுக்குப் போர் தொடுத்த குற்றம், பயங்கரவாதக் குற்றம், கொலைக்குற்றம் மூன்றிலும் தண்டனை. நம் சட்டத்தில் போரும் பயங்கரவாதமும் எதிரெதிர்ப் பெட்டிகள் இல்லை. ஒரே ஆள் மேல் இரண்டையும் போடலாம். ஆனால் அந்தப் போருக்கு ஜெனீவா கிடையாது.

உள்நாட்டுப் போரில் இருக்கும் பெரிய சமமின்மையும் இதுதான். நாடுகளுக்கு இடையிலான போரில் சிப்பாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு, சொந்த அரசோடு மோதும் கிளர்ச்சிக்காரருக்கு இல்லை. அவர் பொதுமக்கள் ஒருவரைக்கூடத் தொடாமல் ராணுவத்தோடு மட்டும் சண்டை போட்டாலும், பிடிபட்டால் கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் தண்டிக்கலாம். பொதுமக்களைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் தண்டனை ஒன்றுதான் என்றால், தொடாமல் இருக்க அவருக்குச் சட்டம் என்ன காரணம் கொடுக்கிறது? 1977 நெறிமுறை இதைக் கொஞ்சம் சரிசெய்யப் பார்த்தது. காலனி ஆதிக்கத்தையும் அந்நிய ஆக்கிரமிப்பையும் எதிர்க்கும் போர்களை நாடுகளுக்கு இடையிலான போராக நடத்தச் சொன்னது. இந்தியா, இலங்கை, அமெரிக்கா மூன்றும் இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை.

இனி எனக்கு நெருக்கமான வழக்குக்கு வருகிறேன். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். தேர்தல் கூட்டத்தில் உடலில் குண்டு கட்டி வந்த ஒரு பெண் ராஜீவ் காந்தியைக் கொன்றார். கூட இருந்த காவலர்கள், கட்சிக்காரர்கள் எனப் பலரும் செத்தார்கள். இது பயங்கரவாதம் இல்லை என்றால் வேறு எதுதான் பயங்கரவாதம் என்று யாரும் கேட்பார்கள். பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. தடாவில் உயர் நீதிமன்ற மேல்முறையீடு கிடையாது. நேரே உச்ச நீதிமன்றம்தான். 1999 மே 11 அன்று தீர்ப்பு வந்தது. கொலையும் கொலைச் சதியும் நிரூபணம், நால்வருக்குத் தூக்கு உறுதி, மூவருக்கு ஆயுள், 19 பேர் விடுதலை. ஆனால் தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் இது அல்ல என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

காரணத்தைக் கவனிக்க வேண்டும். அரசை மிரட்டிப் பணிய வைக்க வேண்டும் அல்லது மக்களிடையே பீதியை உண்டாக்க வேண்டும் என்ற நோக்கத்தைத் தடாவின் 3ஆம் பிரிவு கேட்டது. சதிகாரர்களின் நோக்கம் ராஜீவைப் பழிவாங்குவது, அவர் மறுபடி ஆட்சிக்கு வராமல் தடுப்பது. அவர் அப்போது ஆட்சியில் இல்லை. அவரைத் தவிர வேறு இந்தியர் எவரும் சாக வேண்டும் என்று அவர்கள் எண்ணியதற்குச் சான்று இல்லை. நாடே அதிர்ந்தது உண்மை. ஆனால் அதிர்ச்சி விளைவு, நோக்கம் வேறு. விளைவாக வந்த பயம் மட்டும் போதாது, பயமுறுத்தும் நோக்கம் வேண்டும் என்று ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில் 1994இலேயே அந்த நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் தீர்ப்பைப் படித்துவிட்டுக் கொலைகாரர்களுக்குச் சலுகை என்று கோபப்பட்டவர்கள் பலர். நான் அப்படிப் பார்க்கவில்லை. பயங்கரவாதம் இல்லை என்றால் குற்றம் லேசாகிவிடாது. தூக்கை உறுதி செய்ததே சாதாரணக் கொலைப் பிரிவில்தான்.

என்னை இன்றுவரை உறுத்துவது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி. சாதாரண வழக்கில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. தடாவில் மட்டும் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும். தடா குற்றமே நிற்கவில்லை என்று சொன்ன பிறகும், தடாவால் மட்டுமே சாட்சியமான அந்த வாக்குமூலங்கள் செல்லும் என்றார்கள். அவற்றை வைத்தே தண்டனையும் நின்றது. 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேரறிவாளனுக்குக் கைதாகும்போது வயது 19. எதற்கு அந்த பேட்டரி என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிவு செய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 மே மாதம். 31 ஆண்டுகள். இரண்டு பேட்டரி, ஒரு விடுபட்ட வாக்கியம். வரையறை என்பது அறிஞர்கள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஞாபகம் வருவது இதுதான்.

இன்றைய உபா சட்டம் அந்த நோக்கம் என்ற நிபந்தனையைத் தளர்த்திவிட்டது. பீதியை உண்டாக்கும் நோக்கத்தோடு என்பதோடு நிற்காமல், உண்டாக்கக்கூடிய என்றும் 15ஆம் பிரிவு சேர்த்துச் சொல்கிறது. ஆயுதங்களின் பட்டியலைச் சொல்லிவிட்டு, வேறு எந்த வழியிலும் என்று முடிக்கிறது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவாகவும் பயங்கரவாதச் செயல் வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் வழக்கு இன்று நடந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான். ஜாமீன் விஷயம் ஊகம் இல்லை. போலீஸ் கொடுத்த ஆவணங்களை வைத்துப் பார்க்கும்போது குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தால் ஜாமீன் தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் வந்த தீர்ப்பைத்தான் நாங்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். என்னிடம் வந்த ஒரு தாய், நீதிமன்ற வராந்தாவில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டது இது: "கொலைக் கேஸ்ல போன எங்க தெருப் பையனே மூணு மாசத்துல ஜாமீன்ல வந்துட்டான் சார். இவன் யாரையும் கொல்லலையே, இவனுக்கு ஏன் சார் இல்ல?" உபா என்றால் என்ன என்று விளக்கினேன். அந்த அம்மாவுக்குப் புரிந்தது. நியாயம் என்று படவில்லை. எனக்கும்தான்.

பெயரை எவ்வளவு சுலபமாக மாட்டிக் கழற்றுகிறார்கள் என்பதற்கு 2002ஆம் ஆண்டு ஒன்றே போதும். ஜூலையில், திருமங்கலம் கூட்டத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ பொடாவில் கைதாகி 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அந்தப் புலிகளோடு நேரடியாகச் சண்டை போட்ட இலங்கை அரசே பேச்சுவார்த்தைக்காக அவர்கள் மீதான தடையை நீக்கியது. 2009 ஜனவரியில், போர் கடைசிக் கட்டத்துக்குப் போனபோது மறுபடி தடை விதித்தது. இயக்கம் அதே இயக்கம். தேவைதான் மாறியது. வெறும் தார்மீக ஆதரவுப் பேச்சு, குற்ற நோக்கம் இல்லாவிட்டால் குற்றமாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் சொன்னது.

ஈழத்தைப் பற்றி எழுதும்போது என்னால் ஒரு பக்கம் மட்டும் பார்க்க முடியாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தாலும், பழி அவர்கள் மேல்தான் நிற்கிறது. 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியைத் தகர்த்ததில் செத்தவர்கள் சாதாரண ஊழியர்களும் தெருவில் போனவர்களும். மேலே சொன்ன எந்த விளக்கத்தை வைத்தாலும் இவை பயங்கரவாதச் செயல்கள்தான். 2009இல் பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்து மக்களை வரச்சொன்ன இடங்களில் குண்டுகள் விழுந்தன, மருத்துவமனைகள் தாக்கப்பட்டன. இந்தக் குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் சொன்னது. மக்களை வெளியேற விடாமல் கேடயமாக வைத்தார்கள் என்று புலிகள் மேலும் அதே குழு சொன்னது. காத்தான்குடிக்கும் கொழும்புக்கும் பயங்கரவாதம் என்ற சொல்லும், 2009இல் நடந்ததாகச் சொல்லப்படுவதற்குப் போர்க்குற்றம் என்ற சொல்லும் பொருந்துகின்றன. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் காத்தான்குடியில் தகப்பனைப் பறிகொடுத்தவருக்கும் இந்தச் சொல் வேறுபாட்டால் என்ன கிடைத்துவிடப் போகிறது?

ஒரு அமைப்பு போரின் ஒரு தரப்பு என்றால் அதன் மேல் பயங்கரவாதச் சட்டம் பாயுமா என்பது நீதிமன்றங்களே பிளவுபட்டு நிற்கும் இடம். நடந்தது போர், அதனால் போர்ச் சட்டம் மட்டுமே பொருந்தும் என்று புலிகள் சார்பில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 2014 தீர்ப்பில், அவர்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் பயங்கரவாதப் பட்டியலில் வைத்த முடிவுகள் ரத்தாயின, ஆனால் வேறு காரணத்துக்காக. தடைக்கு ஆதாரமாகக் காட்டிய விவரங்கள் முறைப்படி இல்லை என்பது அந்தக் காரணம். போர் நடந்தாலும் பயங்கரவாதச் சட்டம் பொருந்தும் என்றே அந்த நீதிமன்றம் சொன்னது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2013இல் குல் வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போனது. உள்நாட்டுப் போரில் அந்நியப் படைகளைத் தாக்குவதும் தங்கள் சட்டத்தின் வரையறைக்குள் வரும் என்றது. அந்த வரையறை மிகவும் அகலமானது என்று அதே தீர்ப்பு கவலையும் தெரிவித்தது. பெல்ஜியத்தின் உச்ச நீதிமன்றம் 2020இல் குர்து அமைப்பான பி.கே.கே. விஷயத்தில் நேர் எதிராகச் சொன்னது: அது ஆயுதப் போரின் ஒரு தரப்பு, அதனால் பயங்கரவாதச் சட்டம் பொருந்தாது. எது சரி? பெல்ஜியத்தின் வழிதான் சரி என்று நினைக்கிறேன். போரில் செய்யும் அட்டூழியத்தைத் தண்டிக்கப் போர்க்குற்றச் சட்டமே போதும். ஆனால் இது என் கருத்து; உலகச் சட்டம் அப்படித் தீர்ந்துவிடவில்லை.

ராணுவ முகாம் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒரே ஊரின் ஒரே ஆண்டைப் பாருங்கள். பெய்ரூட், 1983. ஏப்ரலில் அமெரிக்கத் தூதரகத்தின் மேல் வெடிகுண்டு வண்டியை மோதினார்கள், 63 பேர் செத்தார்கள். தூதரக ஊழியர்கள், விசாவுக்கு வந்தவர்கள். இது பயங்கரவாதம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்டோபரில் அதே முறையில் லாரியைக் கொண்டுபோய் மோதியது அமெரிக்கக் கடற்படையினர் தூங்கிக்கொண்டிருந்த கட்டடத்தின் மேல். 241 அமெரிக்கப் படையினர் செத்தார்கள். அதே நாளில் பிரெஞ்சு முகாமின் மேல் நடந்த தாக்குதலில் 58 பேர். அவர்கள் அமைதிப்படையாக வந்தவர்கள் என்று பார்த்தால் அவர்களைத் தாக்குவது தடை செய்யப்பட்ட செயல். ஆனால் அதற்கு முந்தைய மாதம் அமெரிக்கக் கப்பல்கள் லெபனான் ராணுவத்துக்கு ஆதரவாக மலைக்கிராமங்களில் இருந்த எதிர்த்தரப்பு நிலைகள் மேல் பீரங்கி அடித்திருந்தன. அப்படியானால் அவர்கள் சண்டையில் ஒரு தரப்பாகிவிட்டார்கள், தூங்கும் சிப்பாயும் போரில் இலக்குதான் என்று வாதாடவும் இடம் இருக்கிறது. அமெரிக்கா இரண்டையும் பயங்கரவாதம் என்கிறது. என்னைக் கேட்டால் முதலாவதை அப்படித் தயங்காமல் சொல்வேன். இரண்டாவதை அந்தப் பெயரால் சொல்ல மாட்டேன். லெபனான் சட்டப்படி அது கொலை. அந்த 299 பேரின் வீட்டாரிடம் அதைக் கொலை என்றுதான் சொல்வேன்.